நன்றியுரை, பக்கம் மூன்று

பழங்காநத்தம் ரவுண்டானாவில் இறங்கி, பேக்கரிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் பார்த்தால் என் கடை தெரியும். டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங். என் பெயர் அருள்பாண்டி. நான் படித்தது பி.ஏ. இரண்டாம் வருடம் வரைதான். ஆனால் இந்த இருபத்திரண்டு வருடத்தில் என் விரல் வழியாக வெளியே போன எம்.ஏ.க்களை வரிசையாக நிற்க வைத்தால் பைக்காரா பஸ் ஸ்டாப் வரைக்கும் நிற்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. எரிச்சலில் சொல்கிறேன்.

பிப்ரவரி பிறந்தால் போதும், பிள்ளைகள் வந்து நிற்கும். "அண்ணே, போன வருசத்து ப்ராஜெக்ட் ஏதாச்சும் இருந்தா குடுங்கண்ணே, ஒரு மாதிரிக்கு." மாதிரிக்கு என்று வாங்கிப் போகிறவன் அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பி வருவான். கொஞ்சம் மனசாட்சி உள்ளவன் நாலு புத்தகத்திலிருந்து நாலு பத்தியைப் பிய்த்து, அவர் கூறுகிறார், இவர் கூறுகிறார், மேலும் ஒருவர் கூறுகிறார் என்று அடுக்கிக் கொண்டுவருவான். அவர் சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றோடொன்று இடிக்கிறதே என்று ஒரு பயலும் கேட்க மாட்டான். எல்லாரும் பெரியவர்கள், எல்லாரும் சரி. அச்சில் வந்துவிட்டால் எதிர்த்துப் பேசக் கூடாது என்பதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நானும் அடித்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

இந்த எரிச்சலைப் பங்கு போட்டுக்கொள்ள எனக்கு வாய்த்த ஒரே ஆள் சகாயமேரி டீச்சர். கல்லூரியில் அவரை மேடம் என்பார்கள். எனக்கு வாயில் டீச்சர் என்றுதான் வரும். ஊருக்கு மேற்கே ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறை. கல்லூரியின் பெயர் வேண்டாம், நமக்கு எதற்கு வம்பு. அங்கே பதினோரு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். பதினோரு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனுஷியைத் தற்காலிகம் என்று சொல்ல எப்படித்தான் நாக்கு வருகிறதோ! ஏப்ரலில் வேலை முடியும், ஜூனில் மறுபடி கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று மே மாதம் முழுக்க டீச்சர் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய அப்பா சிம்மக்கல் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இம்மானுவேலுக்குப் பார்சல் சர்வீஸில் வேலை. ஒரே மகள் ஜெனிஷா ப்ளஸ் டூ படிக்கிறாள். காலையில் இங்கிருந்து காளவாசலுக்கு ஒரு பஸ், காளவாசலிலிருந்து கல்லூரிக்கு இன்னொரு பஸ். மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்கு என் கடையில் உட்கார்ந்து சாப்பிட்ட நாளெல்லாம் உண்டு. தோளில் மாட்டிய பையில் எப்போதும் அறுபது பிள்ளைகளின் தாள் இருக்கும். அந்தப் பையைத் தூக்கித் தூக்கி வலது தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது.

ஒருநாள் பைண்டிங் கட்டைக் கொடுக்கக் கல்லூரிக்குப் போயிருந்தேன். டீச்சர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கட்டை வராந்தாவில் இறக்கி வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். எம்.ஏ. கடைசி வருடம், ஆய்வேடு எழுதுவது எப்படி என்ற பாடம்.

"ஏய் சுருளி, எந்திரி. உங்க தெருக் குழாயடியில ஒரு சண்டை. ஒச்சம்மா சொல்லுது, காலையில ஆறு மணிக்கே குடத்த வச்சிட்டேன், நான்தான் முதல்லன்னு. முனியாயி சொல்லுது, தண்ணி வந்தப்ப நின்னது நான்தான், நான்தான் முதல்லன்னு. டேங்க் ஆப்பரேட்டர் சொல்றாரு, நான் தண்ணி திறந்ததே ஆறரைக்குத்தான்னு. மூணு பேருகிட்டயும் நீ கேட்டுட்டு வீட்டுக்குப் போற. உங்கம்மா கேக்குது, என்னடா அங்க சத்தம்னு. எப்படிச் சொல்லுவ?"

சுருளி என்கிற அந்தப் பையன் விறைப்பாக நின்றான். "ஒச்சம்மாள் இவ்வாறு கூறுகிறார். முனியாயி அவ்வாறு கூறுகிறார். மேலும் டேங்க் ஆப்பரேட்டர்..."

"உங்கம்மா வெளக்கமாத்த எடுக்கும்!" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. வெளியே நின்ற நானும் சிரித்துவிட்டேன். "கேட்டத அப்படியே ஒப்பிக்கிறதுக்கு எதுக்குடா நீ? உங்கம்மாவே நேராக் குழாயடிக்குப் போயிருக்குமே. வேற யாரு சொல்றது?"

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்தது. ஒல்லி, ரெட்டைச் சடை, குரல் மட்டும் கணீரென்று இருந்தது. "மேம், ஒச்சம்மா குடத்த வச்சப்ப குழாய்ல தண்ணியே இல்ல. முனியாயி நின்னப்பதான் தண்ணி வந்துச்சு. ரெண்டு பேரும் பொய் சொல்லல. அப்ப யாரு முதல்லங்கிறது இல்ல மேம் சண்டை. வெறுங்குடத்த வச்சு எடம் பிடிக்கலாமா கூடாதாங்கிறதுதான் சண்டை. என்னயக் கேட்டா கூடாது."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டார். "இதுதான்! மூணு பேரு பேச்சும் இதுக்குள்ள இருக்கு. ஆனா பேசுறது யாரு? நீ. புத்தகம் எழுதுனவங்களும் இப்படித்தான். எல்லாரையும் குழாயடிக்குக் கூட்டிட்டு வா. யாரு யாரோட ஒத்துப் போறாங்க, எங்க முட்டிக்கிறாங்கன்னு பாரு. பாத்துட்டு உன் வாயால சொல்லு."

அந்தப் பிள்ளையின் பெயர் முத்துமீனா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் பிள்ளைகளின் தாளில் பென்சிலில்தான் எழுதுவார். சிவப்பு மையைப் பார்த்தால் பிள்ளைகள் மிரண்டுவிடும் என்பார். எழுதுவது பெரும்பாலும் ஒரே வரிதான். 'உன் கருத்து எங்கே?' ஓரத்தில் அந்த வரி இல்லாத தாளை நான் பார்த்ததில்லை.

சரி, இத்தனையும் சொல்லிக் கொடுக்கிற டீச்சரின் சொந்த ஆய்வேடு எப்படி இருந்தது? மதுரை வட்டாரத்துக் கண்மாய்ப் பாசனம் பற்றி அவர் எழுதிய பிஎச்.டி. ஏடு ஏழரை வருடமாக என் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. கை சும்மா இராமல் ஒருநாள் தேடிப் பார்த்தேன். நாலாவது அத்தியாயத்தில் மட்டும் 'கூறுகிறார்' என்ற சொல் எண்பத்தாறு தடவை. அதில் முப்பத்தொன்று, இன்னாசிமுத்து சார் கூறுவது. ஓர் இடத்தில்கூட அவரை மறுத்து ஒரு வார்த்தை இல்லை.

"என்ன டீச்சர், ஊருக்குத்தான் உபதேசமா?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை.

"அவர் கையெழுத்துப் போடணும்லண்ணே," என்றார்.

இன்னாசிமுத்து சார் யார் என்று சொல்லிவிடுகிறேன். துறைத் தலைவர். டீச்சரின் ஆய்வு வழிகாட்டி. கண்மாய்களைப் பற்றி இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு தடித்த புத்தகம் எழுதியவர். டீச்சரின் அப்பாவுக்குப் பங்குக் கோயில் சிநேகிதர். டீச்சருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இதெல்லாம் போதாதென்று ஜெனிஷாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத் தகப்பனும் அவரே. கெட்டவர் கிடையாது. கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் ஞான மகளுக்குத் துணி எடுத்துத் தருவார். அப்படிப்பட்டவரை எந்த வாயால் எதிர்த்துப் பேசுவது? திட்டக்கூட முடியாத இடத்தில் மாட்டிக்கொள்வதைப் போல ஒரு கொடுமை இல்லை.

போன ஜனவரியில் கல்லூரியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். வருகிற டிசம்பருக்குள் பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காத தற்காலிக ஆசிரியர்களுக்கு அதற்கு மேல் வேலை இல்லை. டீச்சரின் ஆய்வுப் பதிவும் அதே டிசம்பரில்தான் காலாவதி. ஏட்டைச் சமர்ப்பிக்க வேண்டுமானால் வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும். வழிகாட்டியை மாற்றிக்கொள்ள வேண்டுமானால் அதற்கும் அதே வழிகாட்டிதான் கையெழுத்துப் போட வேண்டும். முன்னால போனா கடிக்கும், பின்னால போனா உதைக்கும் என்பார்களே, அதுதான். நல்லவேளையாக சாரே சொல்லியிருந்தார்: "ஏப்ரல் வேலையெல்லாம் முடியட்டும் மேரி, போட்டுத் தாரேன்." டீச்சர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

மார்ச் கடைசியில் முத்துமீனா கைப்பிரதியோடு கடைக்கு வந்தாள். செக்கானூரணி தாண்டி ஒரு சின்ன ஊர் அவளுக்கு. காலனிக்காரப் பிள்ளை. அம்மா அன்னக்கொடி நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஊரிலிருக்கும் வெள்ளாரங்கண்மாயைப் பற்றித்தான் ஆய்வேடு, சகாயமேரி டீச்சர்தான் மேற்பார்வை.

மூன்றாவது அத்தியாயத்தை அடித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். வெள்ளாரங்கண்மாய் பாதியாகச் சுருங்கிப் போனதற்கு யார் காரணம் என்று கேட்டு, அந்தப் பிள்ளை மூன்று ஆதாரத்தைக் குழாயடிக்குக் கூட்டி வந்திருந்தது. முதலாவது இன்னாசிமுத்து சாரின் புத்தகம். காலனிக்காரர்கள் கண்மாய்க்குள் குடியேறியதால்தான் சுருங்கியது என்கிறது அது. இரண்டாவது தாலுகா ஆபீஸில் மனுப் போட்டு வாங்கிய பட்டாப் பதிவு. காலனிக்கு இடம் கொடுத்தது கரைக்கு வெளியே, தெற்கு மேட்டில் என்கிறது. மூன்றாவது பொதுப்பணித் துறையின் பழைய அளவைக் குறிப்பு. கண்மாய் சுருங்கியது வடக்கே, தண்ணீர் வரும் வரத்துக்காலை அடைத்துச் செங்கல் சூளை போட்ட பக்கம் என்கிறது. சூளை போட்டவர்கள் காலனிக்காரர்கள் இல்லை. கடைசியில் இப்படி முடித்திருந்தாள்:

'மூன்று ஆதாரங்களும் கண்மாய் சுருங்கியதை ஒப்புக்கொள்கின்றன. எந்தப் பக்கம் சுருங்கியது என்பதில் நூல் மட்டும் தனித்து நிற்கிறது. நூலாசிரியர் தம் கூற்றுக்குச் சான்று தரவில்லை. மற்ற இரண்டும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. எனவே காலனியே காரணம் என்பது தவறு என்பது என் கருத்து.'

என் கருத்து! ஒரு எம்.ஏ. பிள்ளையின் கையெழுத்தில் அந்த இரண்டு சொல்லைப் பார்த்து நான் அடித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போய்விட்டது.

"எப்படி ஆத்தா இதக் கண்டுபிடிச்ச?"

"எட்டாங்கிளாஸ்ல வாத்தியார் சொன்னாருண்ணே. உங்க ஆளுகதான் கண்மாய அழிச்சது, புத்தகத்துலயே போட்டிருக்குன்னு. எங்கம்மாகிட்ட போய்க் கேட்டேன். நான் கல்யாணம் ஆகி வந்தப்ப தண்ணி கரைக்கு அந்தப் பக்கம் தளும்பிக்கிட்டுக் கெடந்துச்சு, நாம எங்கடி அதுக்குள்ள போனோம்னுச்சு. புத்தகம் பொய் சொல்லுமா, எங்கம்மா பொய் சொல்லுமான்னு அப்ப இருந்து எனக்குக் குழப்பம். மேம் கிளாஸ்ல வந்துதான் தெளிஞ்சுச்சு."

சந்தோஷத்தில் நானே டீச்சருக்குப் போன் போட்டு, உடனே வாங்க என்றேன். முட்டாப்பயல். அந்தப் புத்தகத்தை எழுதினவர் யார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். சந்தோஷத்தில் மறந்து போனது.

டீச்சர் வந்து, பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. கடைசி வரிக்கு வந்ததும் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். செம்பில் கொடுத்தேன், முழுக்கக் குடித்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்க மீனா," என்றார். அப்புறம், "இந்தப் பத்திய எடுத்துரு," என்றார்.

"தப்பா மேம்?"

"தப்பில்ல."

"அப்ப ஏன் மேம்?"

"சார் புத்தகம்டா. வைவாவுல கேள்வி கேக்க அவர்தான உக்காருவாரு."

"மார்க் குறைஞ்சா குறையட்டும் மேம். நான் பாத்துக்கிறேன்."

டீச்சர் செம்பைக் கீழே வைத்தார். வேறு யாராவது என்றால் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. "உன் மார்க்குக்காக இல்ல மீனா. எனக்காக. அவர் கையெழுத்துப் போடலைன்னா டிசம்பரோட எனக்கு வேலை இல்ல. என் மேற்பார்வையில இது வெளிய போனா அவர் போட மாட்டாரு."

அந்தப் பிள்ளை அவரையே பார்த்தது. அதற்குக் கோபம் வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பதறிப் போய், "ஐயோ, சரி மேம், சரி மேம்," என்றது. என் பக்கம் திரும்பி, "எடுத்துருங்கண்ணே," என்றது.

எடுத்தேன். எடுத்த இடத்தில் 'கண்மாய் சுருங்கியதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன' என்று ஒரு வரியை டீச்சர் போடச் சொன்னார். எந்த வெங்காயத்துக்கும் பொருந்துகிற வரி அது. அந்த மாதிரி வரியை மற்றவர்கள் எழுதினால் அடித்துத் தள்ளுகிற மனுஷி! எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. பழைய பத்தியை அழிக்க மனசு வராமல் தனியாகச் சேமித்து வைத்துக்கொண்டேன். டீச்சர் பையை மாட்டிக்கொண்டு "வாரேண்ணே" என்று போனார். அன்றைக்கு அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து முத்துமீனா நன்றியுரையைக் கொண்டுவந்தாள். ஆய்வேட்டில் நன்றியுரை என்று ஒரு பக்கம் உண்டு. மற்றவர்களுக்கு என்னிடமே ஒரு நன்றியுரை தயாராக இருக்கும், பெயரை மட்டும் மாற்றினால் போதும். இவள் தானே எழுதி வந்திருந்தாள். இதில் இரண்டு பழக்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும். மேற்பார்வை பார்க்கிறவர் நன்றியுரையைத் திருத்துவதில்லை. தன்னைப் புகழ்ந்திருப்பதைத் தானே வாங்கிப் படிப்பது அசிங்கம் என்று டீச்சர் அதைத் தொடக்கூட மாட்டார். துறைத் தலைவராக இருப்பவரோ ஆய்வேட்டில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் நன்றியுரையைப் படிப்பார். தன் பெயர் எத்தனையாவதாக வருகிறது என்று பார்க்க வேண்டுமல்லவா?

முத்துமீனா எழுதியிருந்தது இது: 'பேராசிரியர் இன்னாசிமுத்து அவர்களின் நூலில் எங்கள் காலனியைப் பற்றி இருப்பது தவறு என்பதை, மூன்று ஆதாரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்து நானே கண்டறியும்படி கற்றுத் தந்த என் ஆசிரியை திருமதி சகாயமேரி அவர்களுக்கு என் வாழ்நாள் முழுவதும் நன்றி.'

ஆத்தாடி என்று இருந்தது எனக்கு. "பிள்ள, இது இருக்கலாமா?" என்று கேட்டேன்.

"ஆய்வுல இருந்துதானண்ணே எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன். இது நன்றி சொல்றதுண்ணே. அவங்க எனக்கு என்ன செஞ்சாங்களோ அதத்தான சொல்லணும்? நன்றியில போய்ப் பொய் சொல்லலாமா?"

அவள் சூது வாது இல்லாமல்தான் சொன்னாள். கோயிலில் சாமிக்கு முன்னால் சொல்வது மாதிரி சொன்னாள். இனி என் விஷயம். அது டீச்சரின் தலையில் விடியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு போன் போட்டிருக்கலாம். இல்லையென்றால், வேறு மாதிரி எழுதலாம் தாயி என்று அந்தப் பிள்ளையிடமாவது சொல்லியிருக்கலாம். நான் செய்யவில்லை. இருக்கட்டும், ஒரு இடத்திலாவது உண்மை இருக்கட்டும் என்று ஒரு வீம்பு. எடுக்கச் சொன்னாரே என்று டீச்சர் மேல் இருந்த கோபமும் சேர்ந்துகொண்டது. அடித்தேன், பிரிண்ட் எடுத்தேன், ஐந்து பிரதி பைண்டிங் போட்டேன். கல்லூரிக்கு நாலு, என் கடை அலமாரிக்கு ஒன்று. முத்துமீனா முதல் பிரதியின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு போனாள்.

வைவா அன்று நடந்ததை டீச்சர்தான் பிறகு சொன்னார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாராம். இன்னாசிமுத்து சார் நன்றியுரையைத் திறந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். முத்துமீனாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நல்ல மதிப்பெண்ணே போட்டார். எல்லாரும் போன பிறகு, "மேரி, உன் தீசிஸ நான் இன்னொரு தடவை பாக்கணும். அவசரமில்ல," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விஷயம் தெரிந்ததும் முத்துமீனா அழுதுகொண்டே டீச்சர் வீட்டுக்கு ஓடினாளாம். டீச்சர் அவளைத் திட்டவில்லை. சாப்பிட வைத்து பஸ் ஏற்றி அனுப்பினார். என்னைத்தான் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை அடித்தது யார் என்று டீச்சருக்குத் தெரியாதா? ஏப்ரல் போய், மே போய், ஜூனில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் கடைக்கு வந்தார். பையில் அறுபது தாள் இல்லை. அவருடைய ஆய்வேடு ஒன்றுதான் இருந்தது.

"சார் திருப்பிக் குடுத்துட்டாருண்ணே."

நாலாவது அத்தியாயத்தைத் திறந்து காட்டினார். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'வெறும் மேற்கோள் அடுக்கு. ஆய்வாளரின் கருத்து எங்கே?'

டீச்சர் சிரித்தார். "பாருங்கண்ணே, என் வரி. பதினோரு வருசமா பென்சில்ல நான் எழுதுனது." சிரிப்பு அப்படியே உடைந்து அழுகையாகிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் போய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினேன். இன்னாசிமுத்து சார் அதை வஞ்சம் வைத்து எழுதினாரா, நேர்மையாகத்தான் எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுதியது பொய் இல்லை. எண்பத்தாறு 'கூறுகிறாரை' எண்ணினவன் நான்தானே?

"சொந்தக் கருத்து இல்லாம இருந்தா கருத்து இல்லன்னு கையெழுத்துப் போட மாட்டாரு. எழுதுனா, அது அவர் சொன்னதுக்கு எதிராத்தான் வரும். அதுக்கும் போட மாட்டாரு. நான் எங்கண்ணே போறது?" என்றார்.

"டீச்சர், அந்த நன்றியுரையை நான் படிச்சிட்டுத்தான் அடிச்சேன். உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்," என்றேன்.

"தெரியும்ணே," என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் எடுக்கச் சொன்ன பத்தி இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. திரையில் திறந்து வைத்தேன். மெதுவாகப் படித்தார். "இத என் நாலாவது அத்தியாயத்துல சேக்கணும்."

"சேத்துருவோம் டீச்சர், ஒரு நிமிசம்."

"எப்படிச் சேப்பீங்க? பட்டாவையும் அளவைக் குறிப்பையும் தேடிப் பிடிச்சு ஒண்ணா வச்சுப் பாத்தது அந்தப் பிள்ள. அவ பேரு போடாம எழுதுனா திருட்டு. பேரு போட்டா எந்த ஏடு, எந்தப் பக்கம்னு போடணும். எந்தப் பக்கத்துலண்ணே இருக்கு?"

கல்லூரி நூலகத்தில் இருக்கிற பிரதியில் அந்தப் பத்தி இல்லை. 'பல காரணங்கள் கூறப்படுகின்றன' என்ற வரிதான் இருக்கிறது. என் கம்ப்யூட்டரில் கிடக்கிற கோப்பை மேற்கோள் காட்ட முடியாது.

"எடுக்கச் சொன்னது நான்தான," என்றார் டீச்சர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலமாரியிலிருந்து என் பிரதியை எடுத்து, நன்றியுரையைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். நூலகப் பிரதியிலும் இந்தப் பக்கம் அப்படியேதான் இருக்கிறது. அவர் அதை அதுவரை தன் கண்ணால் பார்த்ததே இல்லை, மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருந்தார். இப்போது படித்தார். 'வாழ்நாள் முழுவதும் நன்றி' என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தார். வெளியே ரவுண்டானாவில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"அடிங்கண்ணே," என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'வெள்ளாரங்கண்மாய் சுருங்கக் காலனியே காரணம் என்று இன்னாசிமுத்து கூறுகிறார். அது தவறு என்று முத்துமீனா மறுக்கிறார். பட்டாப் பதிவும் அளவைக் குறிப்பும் முத்துமீனாவின் பக்கமே நிற்கின்றன. இன்னாசிமுத்து கூறுவது சரியல்ல என்பது என் கருத்து.'

"சார் கையெழுத்துப் போட மாட்டாரு டீச்சர்."

"மாட்டாரு."

"டிசம்பர்?"

"டிசம்பர் வரும்போது வரட்டும்ணே. அடிக்குறிப்பு போடுங்க." பையிலிருந்து பென்சிலை எடுத்து, சிவப்பு மை வரிக்குக் கீழே ஒரு சின்ன 'டிக்' போட்டார். பிறகு திரையைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"முத்துமீனா. முதுகலை ஆய்வேடு. நன்றியுரை. பக்கம் மூன்று."